பதினொரு வியாழக்கிழமைகள்

"கட்டுப் போட்ட கையால எப்படிக் கையெழுத்துப் போட்டேன்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"இடது கையாலன்னு சொல்லுவேன்."

"இடது கையால. அவ்வளவு முத்து முத்தா."

"எங்க வம்சத்துக்கே ரெண்டு கையும் வரும்னு சொல்றேன். மதுரைக்குப் போயா விசாரிக்கப் போறாங்க?"

நீலவேணி கையிலிருந்த ஈரத் துண்டை உலர்த்தும் எந்திரத்துக்குள் விட்டெறிந்து கதவை அறைந்து சாத்தினாள். சலவைக் கடையின் மூலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருமுறை நிமிர்ந்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். எந்திரத்துக்குள் சுழலத் தொடங்கியதில் பாதி அவளுடைய துணி, பாதி முருகேசனுடையது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திரிகிறவனால் துணி துவைக்க முடியாதே என்று, லண்டனின் மறுகோடியில் இருக்கும் எட்மண்டனிலிருந்து அவன் தூக்கிக்கொண்டு வரும் மூட்டையை ஒரு மாதமாக இவள்தான் ஈஸ்ட் ஹாமில் வெளுத்துக் கொடுக்கிறாள். இன்றைக்கு அந்த மூட்டையைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆஸ்பத்திரிக் கடுதாசியை எதுக்குடா கொண்டுபோய் ஆபீஸ்ல கொடுத்த?"

"அசைன்மென்ட்டுக்கு ரெண்டு வாரம் தவணை கேட்டேன். மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தாத் தருவோம்னாங்க. கொடுத்தேன். நம்ம ஊர்ல கொடுக்க மாட்டோமா?"

"நம்ம ஊர்ல ஒண்ணு ப்ராக்சி, இல்லாட்டி மெடிக்கல் சர்டிபிகேட். ஒரே நாளைக்கு ரெண்டையும் கொடுத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். நவம்பர் பத்தாம் தேதி ஒரு டபுள்டெக்கர் பஸ் குலுங்கி நின்றபோது, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த முருகேசன் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அதற்கடுத்த நான்கு வியாழக்கிழமைகளிலும் ஆஷ்மெட் கம்யூனிட்டி காலேஜின் வருகைத் தாளில் அவன் பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. அதைப் போட்டவள் நீலவேணி. ஆறு வாரத்துக்கு வலது கையை அசைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதமும் அதே அலுவலகத்தின் கோப்பில் இருந்தது. அதைக் கொடுத்தவன் முருகேசன். அடுத்த வாரம் விசா இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து வெளிநாட்டு மாணவர்களின் கோப்புகளைப் பார்க்கப்போகிறார்கள் என்பதால், அலுவலகத்தில் யாரோ இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்று மூன்று மணிக்கு வரச்சொல்லி, வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஷாமளா அக்காவிடமிருந்து நீலவேணிக்குச் செய்தி வந்திருந்தது.

"நீ போடலைன்னு சொல்லிடு" என்றான் முருகேசன். "நானும் போடலைன்னு சொல்லிடறேன். முடிஞ்சு போச்சு."

"அப்ப யாரு போட்டா? முனி வந்து போட்டுதா?"

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க நீலா. அவங்க விளம்பரப் புத்தகத்து அட்டையிலயே உன் படம்தானே இருக்கு? உன்னை அனுப்பிட்டா அட்டையைக் கிழிச்சுல்ல போடணும்?"

அவள் சில்லறை டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். "முப்பது நிமிஷத்துல காயும். உன் துணியை நீயே மடிச்சுக்க. ரெண்டு கையும் வருமே உனக்கு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

நடக்க நடக்கக் கோபம் அவன்மேல் இருந்து நழுவித் தன்மேலேயே வந்து உட்கார்ந்தது. ப்ராக்சி போடுவது என்பது அவள் தன் வாழ்நாளில் செய்தே அறியாத காரியம். செய்ய அவளுக்கு ஏது கல்லூரி? விருதுநகரில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இரண்டு தடவை தவறியவளை எந்தக் கல்லூரி உள்ளே விடும்? அண்ணன்தான் படித்தான். வகுப்பில் வராதவனுக்காக வேறு குரலில் 'உள்ளேன் ஐயா' சொன்னதையும், ஒரே ஆள் மூன்று பெயருக்குக் கையெழுத்திட்டதையும் அவன் விடுமுறைக்கு வந்து கதை கதையாகச் சொல்வான். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். கல்லூரி என்றால் அதுதான், ஒருவனுக்காக இன்னொருவன் பொய் சொல்லும் அளவுக்குச் சிநேகிதம் கிடைக்கும் இடம் என்று அவள் மனதில் எழுதிவைத்திருந்தாள். நவம்பரில் முருகேசன் முதல் முறை போன் செய்து, "நீலா, எனக்கும் சேர்த்துப் போட்டுடு" என்றபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்துமூன்று வயதில் தானும் ஒரு கல்லூரிக்காரி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவனுடைய 'மு'வை அவனைவிட அழகாகச் சுழித்து எழுதினாள். நான்கு வாரமும் அப்படியே சுழித்தாள். கை ஒடிந்தவனுக்குச் செய்கிற உதவி என்றுதான் தோன்றியதே தவிர, ஒடிந்த கைக்குக் கையெழுத்து ஏது என்று தோன்றவில்லை.

அவள் வந்த கதை முருகேசன் நினைப்பதைப் போல அட்டைப்படக் கதை அல்ல. தவறிய பிறகு நான்கு வருடம் பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றாள். துடைக்கவும் பெருக்கவும் என்று சேர்ந்தவள், ஆறு மாதத்தில் ஃப்ரேமைச் சூடாக்கி வளைக்கவும், கண்ணாடியை ராவிப் பொருத்தவும் கற்றுக்கொண்டாள். இரண்டு கண்ணின் பாவைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே சொல்வாள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும், அவ்வளவுதான். என்ன பிரயோசனம்? பாஸான பையன் ஒருவன் வந்ததும் அவனை முன்னால் நிறுத்திவிட்டு இவளைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் அண்ணன் கணினி மையத்தில் இந்தக் கல்லூரியைக் கண்டுபிடித்தான். கடையில் பார்த்த வேலையையே தகுதியாக எடுத்துக்கொள்வோம் என்று அதில் போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடித் தொழிலில் இரண்டு வருட டிப்ளமா. அதில் தேறினால் ஒரு பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதனைப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக்கு நேராகப் போகலாம். மே மாதம் செய்முறைத் தேர்வு. அது ஒன்றுதான் மீதி. இத்தனை தூரம் வந்து, அந்த ஒன்று வாசலில் நிற்கிறபோதா இது?

ஆஷ்மெட் கல்லூரி பார்க்கிங் ரோட்டில், ஒருகாலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த செங்கல் கட்டடத்தில் இருந்தது. வாசலுக்கு மேலே 'ஆண் பிள்ளைகள்' என்று ஆங்கிலத்தில் கல்லில் கொத்தியிருக்கும். அதன் கீழே மழைக்கு ஒதுங்கி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார் டொலறஸ் அக்கா. ஐம்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறில் அகதியாக வந்து, பதினாறு வருடம் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, இனிமேல் தான் உட்கார மற்றவர்கள் துடைக்கட்டும் என்று படிக்க வந்தவர். வகுப்பில் அவருக்குப் பக்கத்து நாற்காலி நீலவேணியுடையது.

"என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கிடக்கு? ஆரையும் கடிச்சுப்போட்டு வாறியோ?"

நீலவேணி சொன்னாள். நின்ற இடத்திலேயே ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். டொலறஸ் அக்கா தேநீரை விழுங்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆற்றையோ பேருக்கு நீ ஏன் கையெழுத்து வைச்சனீ?"

"எங்க ஊர்ல எல்லாரும் போடுவாங்க அக்கா. அது ஒரு விளையாட்டு."

"விளையாட்டோ!" மூடியிலிருந்த மிச்சத் தேநீரை அவர் படியில் வீசி ஊற்றினார். "எங்களுக்குக் கொழும்பில அறை எடுத்தால் முதல் வேலை பொலிசில பேர் பதியிறது. ஒரு தாளில பேர் இருக்கிறதும் இல்லாததும்தான் உயிர். தம்பியாரின்ர பேரை அண்ணை வைக்க மாட்டார். தாய்க்குப் பிள்ளை வைக்காது. நீ என்னடாவெண்டால், எட்மண்டனில படுத்துக் கிடக்கிறவனுக்கு இஞ்ச நிண்டு கோலம் போட்டிருக்கிறாய். இஞ்ச அந்தத் தாள் எங்க போகுது எண்டு நினைச்சனீ? அது வாத்தியாற்றை தாள் இல்லையடி. விசாக்காரன்ர தாள்."

"நீங்களும் திட்டுங்க" என்றாள் நீலவேணி. "எல்லாரும் திட்டுங்க. வகுப்பே நடக்காத நாளுக்குத்தானே அக்கா போட்டேன்? ஒரு வியாழக்கிழமையாவது வாத்தியார் வந்தாரா?"

வரவில்லை. அதுதான் உண்மை. மற்ற நாட்களில் பாடம் ஒழுங்காகவே நடந்தது. வியாழன் காலை மட்டும் பட்டறை வகுப்பு. கண்ணாடி ராவுவது, ஃப்ரேம் சீர்செய்வது, மே மாதத் தேர்வில் கேட்கிற அத்தனையும் அன்றைக்குத்தான். செப்டம்பரில் வகுப்பு தொடங்கிய வாரம் ஹார்ட்னெல் என்கிற ஆசிரியர் வந்தார். மறுவாரம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். 'புது ஆசிரியர் வரும்வரை, ஒன்பதரைக்கு வரவேற்பு மேசையில் கையெழுத்திட்டுவிட்டு நூலகத்தில் சுயமாகப் படிக்கவும்' என்று அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்தது. புது ஆசிரியர் இந்தா வருகிறார், அந்தா வருகிறார் என்று டிசம்பர் வந்துவிட்டது. பட்டறைக்குப் பூட்டு. எந்திரங்களுக்குப் பிளாஸ்டிக் உறை. பதினொரு வியாழக்கிழமைகள். அந்தக் கையெழுத்துக்காக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருவானேன் என்று முருகேசனிடம் சொன்னதுகூட அவள்தான்.

டொலறஸ் அக்கா பிளாஸ்கைத் திருகி மூடினார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"அந்தத் தாளின்ர அடியில வாத்தியாருக்கெண்டு ஒரு பெட்டி இருக்கு. பாத்தனியே?"

"இல்லையே."

"நான் கவனிச்சனான். கூட்டித் துடைச்ச கண், மூலையைத்தான் முதல் பாக்கும். ஒவ்வொரு வியாழனும் நாங்கள் வைக்கேக்க அது வெறுமையாத்தான் கிடக்கும். அடுத்த கிழமை போய்ப் பாத்தால் போன கிழமைப் பெட்டியில கையெழுத்து இருக்கும். போன மனுசன் ராவில வந்தோ வைச்சிட்டுப் போறார்?" அவர் அவள் தோளை ஒரு தள்ளு தள்ளினார். "போ. உள்ள போய் அழாத. அழுதால் அவையளுக்கு லேசாப் போயிடும்."

ஷாமளா அக்காவின் அறை இரண்டாம் மாடியில். வெளிநாட்டு மாணவர் பிரிவு என்றால் அந்த ஒரு அறையும் அவரும்தான். மலேசியாவில் ஈப்போக்காரர்; பேச்சின் வாலில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். நாற்பதைத் தாண்டியவர், சிவப்புக் கம்பளிக் கோட்டு, எப்போதும் ஒரு டப்பா பிஸ்கட். முதல் நாளே எல்லோரிடமும் "மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு" என்பார். ஹீத்ரோ விமான நிலையத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற நீலவேணிக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தியவர் அவர்தான். அதனாலேயே இன்றைக்கு இந்தப் படி ஏறுவது அவளுக்குக் கசந்தது.

மேசை மேல் விளம்பரப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் நீலவேணி ஒரு கண்ணாடி ஃப்ரேமை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'நான் ஏன் இங்கே படிக்க வந்தேன்' என்று தலைப்பு. போன வருடம் அதற்காக அவள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். 'நான் இயற்பியலில் இரண்டு முறை தோற்றேன். அதற்குப் பிறகும் என்னை உள்ளே விட்ட ஒரே கல்லூரி இதுதான்' என்று ஆரம்பித்திருந்தாள். ஷாமளா அக்கா அந்த இரண்டு வரியையும் ஊதா நிறப் பேனாவால் அடித்துவிட்டார். "ஃபெயிலானதை எல்லாம் போட்டா ஃபெயிலானவங்கதான் வருவாங்கலா." அவங்களுக்குத்தானே அக்கா இது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். 'சிறிய வகுப்புகள், அன்பான ஆசிரியர்கள், நடக்கிற தூரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு' என்று அச்சாகி வந்தது.

"உட்காருமா. பிஸ்கட் எடுத்துக்கோ."

அவள் உட்கார்ந்தாள். பிஸ்கட்டை எடுக்கவில்லை.

ஷாமளா அக்கா நான்கு வருகைத் தாள்களின் நகலை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினார். முருகேசனின் பெயருக்கு நேரே நான்கு அழகான 'மு'. மேலே ஆஸ்பத்திரிக் கடிதம்.

"நான் ஒண்ணும் கேட்கப் போறதில்ல. உன் எழுத்து எனக்குத் தெரியும். நீயும் மறைக்கப் போறதில்ல, எனக்கு அதுவும் தெரியும். நல்ல பிள்ளை நீ." இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தார். "இதுல கையெழுத்துப் போட்டுரு. நான் எல்லாத்தையும் பார்த்துக்கிறேன்."

நீலவேணி படித்தாள். 'கீழே கையெழுத்திட்டுள்ள நான், கல்லூரிக்குத் தெரியாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சக மாணவருக்காகப் பொய்க் கையெழுத்து இட்டேன்' என்று இருந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது 'வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

"போட்டா என்ன ஆகும் அக்கா?"

"ரிப்போர்ட் பண்ணணும். சட்டம்மா அது, என் கையில இல்ல. முருகேசனையும்தான். விசாவை அறுபது நாளாக் குறைச்சிருவாங்க. நீ ஊருக்குப் போயிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அப்ளை பண்ணு. நான் நல்லபடியா ஒரு லெட்டர் தர்றேன்."

"மே மாசம் பரீட்சை."

"தெரியும்லா."

"அறுபது நாள்னா பிப்ரவரி."

"தெரியும்மா."

அந்த 'தெரியும்மா'வின் மென்மைதான் அவளைச் சுட்டது. யாராவது கத்தினால் திருப்பிக் கத்தலாம். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு தலையைத் தடவுகிறவர்களிடம் என்ன செய்வது? அவள் தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். டொலறஸ் அக்கா சொன்ன பெட்டி அடியில் இருந்தது. 'வகுப்பு எடுத்த ஆசிரியர்.' நவம்பர் பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு, டிசம்பர் மூன்று. நான்கிலும் ஹார்ட்னெல். நகல் எடுத்ததால் மை கறுப்பாகத் தெரிந்தது. ஆனால் அந்த 'ஹெச்'சின் கால், அடுத்த வரியைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி நீண்டு இறங்கியது. தான் எழுதிய இரண்டு வரிகளை ஷாமளா அக்கா அடித்தபோது அதே கோடு அதே சாய்வில் இறங்கியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"மற்ற ஏழு தாள் எங்க அக்கா?"

"எந்த ஏழு?"

"செப்டம்பர் இருபத்துநாலுலேருந்து பதினொரு வியாழன். நாலுதான் இங்க இருக்கு. எல்லாத்துலயும் ஹார்ட்னெல் இருக்காரா?"

ஷாமளா அக்கா பிஸ்கட் டப்பாவை மூடினார்.

"ப்ராக்சின்னு எங்க ஊர்ல ஒண்ணு சொல்லுவோம்" என்றாள் நீலவேணி. குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. "வராத சிநேகிதனுக்குப் பக்கத்துல இருக்கிறவன் போடறது. வராத வாத்தியாருக்கு ஆபீஸ்ல இருக்கிறவங்க போடறதை நான் இங்க வந்துதான் பார்க்கிறேன். நான் நாலு. நீங்க பதினொண்ணு."

"நீலவேணி, மெல்ல பேசு."

"ஏன் மெல்ல பேசணும்? பட்டறையைப் பூட்டி வச்சிருக்கீங்க. மெஷினுக்குப் போர்வை போத்தி வச்சிருக்கீங்க. பதினொரு வாரமா என் கை ஒரு கண்ணாடியைத் தொடல. கேட்டப்ப எல்லாம் வர்றாரு வர்றாருன்னீங்க. இப்ப 'வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது'ன்னு டைப் அடிச்சு வச்சிருக்கீங்க. எந்த வகுப்புக்கா? யார் நடத்தின வகுப்பு? அதைச் சொல்லுங்க, போடறேன்."

ஷாமளா அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்தபோது அவர் முகத்தில் இருந்த அக்கா போய்விட்டிருந்தாள். களைத்துப்போன ஒரு உத்தியோகஸ்தர் இருந்தார்.

"நான் கேட்டேன்லா. ஒவ்வொரு வாரமும் மேல கேட்டேன், ஆள் போடுங்கன்னு. மேல பணமில்லைன்னாங்க. தாளை வெறுமையா வச்சா, வெளிநாட்டுப் பிள்ளைங்களைச் சேர்க்கிற லைசென்ஸ் போயிரும். போச்சுன்னா நூத்து நாப்பது பிள்ளைங்க. உன்னை மாதிரி நூத்து நாப்பது. எல்லாரும் மூட்டை கட்டணும். நான் என்ன செய்வேன்?"

"அதுக்காக என்னை மட்டும் கட்டச் சொல்றீங்க."

"நீ தப்பு செஞ்சே."

"செஞ்சேன். இல்லைன்னு சொன்னேனா?"

வெளியே யாரோ படியில் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஷாமளா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கின் இரு பக்கமும் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஃப்ரேமின் வலது காது கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஒரு நிமிடம் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று, அவ்வளவு கோபத்திலும், நீலவேணியின் கண் தானாகப் பார்த்தது.

"எனக்கு மட்டும் தெரியாதுன்னு நினைக்கிறியா?" ஷாமளா அக்கா கண்ணாடியைப் போடாமலே பேசினார். "எண்பத்தெட்டுல நானும் இந்த வாசல்லதான் வந்தேன். எங்க ஊர்ல நல்ல மார்க்குதான் எடுத்தேன். கோட்டால இடமில்லைன்னு சொல்லிட்டாங்க. என்னைவிடக் குறைஞ்சவனுக்குக் கொடுத்தாங்க. எங்கப்பா ரப்பர் தொழிற்சாலையில ஓவர்டைம் பார்த்து அனுப்புனாரு. இந்தக் கட்டடத்துல ரெண்டு வருஷம் ஏ-லெவல் படிச்சுத்தான் நான் பட்டதாரி ஆனேன். இதை மூட விடக்கூடாதுன்னுதான்..."

"அதை ஏன்க்கா நீங்க அட்டையில போடல?"

"எதை?"

"கோட்டால இடமில்லைன்னு சொன்னதை. நான் ஃபெயிலானதை. அதுக்குத்தானே இங்க வர்றோம்? அங்க இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னுதானே? டொலறஸ் அக்கா ஐம்பது வயசுல எதுக்கு வந்தாங்க? நடக்கிற தூரத்துல தோசை கிடைக்குதுன்னா?" அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த தன்னையே அவள் கவிழ்த்து வைத்தாள். "எல்லாரும் இல்லைன்னு சொன்ன பிறகு ஒரு இடம் 'வா'ன்னு சொல்லிச்சு. அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே, வந்தவளை உட்கார வச்சு, வெறும் தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னீங்க. அதையும் வகுப்புன்னு சொன்னீங்க. அங்க கடையில என்னைப் பின்கட்டுக்கு அனுப்பினானே, அவன்கூட என் கையில வேலையைக் கொடுத்துத்தான்க்கா அனுப்பினான்."

ஷாமளா அக்காவின் ஊதாப் பேனா மேசையில் கிடந்தது.

நீலவேணி தட்டச்சுத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்தப் பேனாவையே எடுத்தாள். தப்பும் தவறுமான இங்கிலீஷ்தான், ஆனால் கை நிற்கவில்லை. முதலில் அட்டையில் இருந்த தலைப்பை எழுதினாள். அதன் கீழே, யாரும் அடிக்க முடியாதபடி அழுத்தி, இயற்பியலில் இரண்டு முறை தோற்றதை எழுதினாள். நான்கு வியாழக்கிழமைகளில் முருகேசனுக்காகத் தான் கையெழுத்திட்டதை, தேதியோடு எழுதினாள். அவன் கேட்டுத்தான் போட்டேன் என்று எழுத வந்தவள், கேட்டான், நான் மறுக்கவில்லை என்று எழுதினாள். அப்புறம் பதினொரு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே வாசகம், பட்டறை பூட்டியிருந்தது, ஆசிரியர் வரவில்லை. ஏழாவது தேதியில் பேனா திணறியது. உதறிவிட்டுத் தொடர்ந்தாள். முடித்துவிட்டுத் தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

இதைக் கொடுத்தால் தானும் போகவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கொடுக்காவிட்டாலும் போகவேண்டியதுதான். போவது என்றால் எதற்காகப் போகிறோம் என்பதையாவது சரியாக எழுதிவிட்டுப் போகலாம். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் நடுக்கம் நின்றுவிட்டது. கண்ணாடியை ராவும்போது கடைசிச் சுற்றில் கை நிதானப்படுமே, அந்த மாதிரி.

ஷாமளா அக்கா தலைகீழாகவே அதைப் படித்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒவ்வொரு தேதிக்கும் அசைந்தன. கடைசிக் கோட்டுக்கு வந்து, அதன் கீழே காலியாக இருந்த இடத்தில் அவர் பார்வை தங்கியது. நீலவேணி தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் குறுக்காக வைத்தாள்.

"என் பேரை நான் போட்டுட்டேன்" என்றாள். "வர்ற விசா ஆளுங்க கையில நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு மாணவி சொன்னா நம்ப மாட்டாங்க, உங்க பேரும் இருந்தா நம்புவாங்க. அந்த வாத்தியார் பேர் வேண்டாம். உங்க பேரைப் போடுங்க அக்கா. இதுக்குக் கீழ, இங்க, ஒரே ஒரு தடவை போட்டுக் கொடுங்க."